படம் பிடித்தால் மட்டும் போதுமா?

நாட்டுப்புறங்களிலே கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய இயந்திரங்களைத் தேடிச் சென்று படம் பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இன்று நம்மிடையே பலர் உளர். விடுமுறைக்கு ஊர் திரும்பும் வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும்கூட, கமராவும் கையுமாக ஒழுங்கைகளிலே திரிவதைக் காண்கின்றோம். வேலியோரத்தில் சக்கரமிழந்து நிற்கும் உழவு இயந்திரம், கிணற்றடியில் செடி படர்ந்து கிடக்கும் நீரிறைக்கும் இயந்திரம், கூரையிழந்த நெல் ஆலையின் பெருஞ்சக்கரம் ஆகியவை அவர்களின் கண்ணைக் கவர்கின்றன.

இதனை வேலையற்றோர் வேலை என்று எள்ளி நகையாடுவோரும் உளர். நாம் அவர்களோடு சேரோம். பாழடைந்த கோயிற் கோபுரத்தைப் படம் பிடிப்பவரைப் பாராட்டும் நாம், பாழடைந்த இயந்திரத்தைப் படம் பிடிப்பவரைப் பழிப்பதற்கு நியாயம் யாதுமில்லை. இரண்டும் மனிதர் கைப்படச் செய்தவை. இரண்டினாலும் மனிதர் வாழ்ந்தனர்.

எனினும், இவ்வன்பர்களிடம் ஒரு குறையைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் எடுக்கும் படங்களிற் பெரும்பாலானவற்றிலே துரு இருக்கின்றது, வெயில் இருக்கின்றது, கொடி இருக்கின்றது. இயந்திரத்தின் பெயர் இல்லை. ஊரின் பெயர் இல்லை. அதனை இயக்கியவனின் பெயர் இல்லவே இல்லை. இது பாதி வேலை. பாதி வேலையை முழு வேலையாக்க வேண்டுமென்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிணற்றடியிற் கேட்ட சொல்

அண்மையில் வலிகாமத்து ஊரொன்றிலே நாம் நேரிற் கண்ட நிகழ்ச்சி இது. இளம் பொறியியலாளர் ஒருவர், தம் உறவினரின் தோட்டக் கிணற்றடியில் கிடந்த நீரிறைக்கும் இயந்திரமொன்றை அரைமணி நேரமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மாலை வெயில் துருவின்மேல் விழுந்த அழகு அவரை மயக்கிவிட்டது. வரம்பிலே குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதியவர் மெல்லக் கேட்டார்:

“தம்பி, இந்த மிசின் எப்படி வேலை செய்தது என்று உமக்குத் தெரியுமோ?”

“தெரியாது, ஐயா.”

“அப்படியென்றால் நீர் துருவைத்தான் படம் பிடித்தீர், மிசினைப் பிடிக்கவில்லை.”

பின்னர் அவரே சொல்லத் தொடங்கினார். தந்தையார் புகையிலை விற்ற காசில் வாங்கிய இயந்திரம் அது. பெற்றோலிலே முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். உள்ளே ஓர் உறுப்புத் தேய்ந்தபோது புதியது கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பட்டறையொன்றிலே கடைந்து போட்ட உறுப்பு இன்றும் அதனுள்ளே இருக்கின்றது. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் மருந்துபோல் ஆயிற்று. சிறு போத்தலில் வைத்திருந்து, முடுக்குவதற்கு மட்டும் சில துளி விடுவார்களாம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தபோது, தூக்கிச் செல்ல வழியின்றி அதனைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுச் சென்றாராம். மாதங்கள் கழித்துத் திரும்பிவந்து மேலே எடுத்தார். அதன் பிறகு அது இயங்கவேயில்லை.

நம் இளைஞரை மயக்கிய துரு எங்கிருந்து வந்தது என்று இப்பொழுது விளங்குகின்றதன்றோ? வெறும் மழையிலும் பனியிலும் பிடித்த துருவன்று அது. ஓர் ஊர் ஆளின்றிக் கிடந்த மாதங்களிலே, கிணற்று நீருக்குள் பிடித்த துரு. படம் அதனைச் சொல்லுமா? எத்துணை விலையுயர்ந்த கமராவானாலும் சொல்லாது. சொல்லவேண்டியவர் வரம்பிலே குந்தியிருந்தார்.

இறைத்துத் தந்த பொறி

குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கற் பாறையினுள்ளே தங்கும் மழைநீரே தோட்டத்தின் உயிர். அந்நீரை மேலே கொண்டுவர முன்னாளிலே ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் வாய்க்காலிலே தண்ணீர் மாற, மூவரின் உழைப்பு வேண்டியிருந்தது. 1950 களிலும் 1960 களிலும் இயந்திரங்கள் பரவிய பின்னர், அவ்வேலையின் பெரும்பகுதியைச் சிறு பொறியொன்று ஏற்றுக்கொண்டது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்திலே மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போயின. தோட்டக்காரனின் கையிலே காசு புழங்கிற்று. இன்று நம் பத்திரிகையைக் கையிலேந்தி வாசிக்கும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்: அவர்களிற் பலரின் படிப்புச் செலவை இறைத்துத் தந்தது கிணற்றடியிற் கிடக்கும் அந்தப் பொறியேயன்றோ!

இதனாற் பொறியைத் தெய்வமாக்கிவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. துலாவினால் இறைத்தவன் தன் உடல் தாங்குமளவே இறைத்தான். இயந்திரத்துக்குக் களைப்பில்லை. அளவுக்கு மீறி நீரை உறிஞ்சியதனாற் குடாநாட்டின் கிணறுகள் பல உவரேறிய கதையையும் அதே முதியவர்கள் அறிவார்கள். எந்த ஆண்டு எந்தக் கிணற்று நீர் சுவை மாறியது என்பதை அவர்கள் நினைவிலே வைத்திருக்கின்றார்கள். நன்மையும் தீமையும் ஒருங்கே எழுதப்பட்டாலே அது வரலாறாகும்.

வன்னிக்கும் மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் இது பொருந்தும். எருதுகள் சூடு மிதித்த களத்திலே உழவு இயந்திரம் வந்து சுற்றியது. ‘லான்ட்மாஸ்டர்’ என்பது ஆங்கிலேயர் செய்த ஒரு பொறியின் வியாபாரப் பெயர். வன்னி விவசாயியின் வாயிலோ அது இரு சக்கர உழவு இயந்திரம் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. ஒரு சொல் ஊருக்குள் வந்து குடியேறிய விதத்தைக்கூட ஒரு பழைய இயந்திரம் காட்டவல்லது. கேட்டு எழுதுவார் இருந்தாற்றான் காட்டும்.

மூன்று ஆலைகள்

தோட்டத்துப் பொறி ஒரு குடும்பத்தின் கதை. ஆலையோ ஒரு சமூகத்தின் கதை. காங்கேசன்துறைச் சீமேந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகிய மூன்றும், 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுபவை. அவருடைய அரசியலை ஏற்றவரும் எதிர்த்தவரும் இம்மூன்றையும் மறுத்ததில்லை.

இவை ஒவ்வொன்றும் சுற்றியிருந்த மண்ணோடு பின்னிக் கிடந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். காங்கேசன்துறையிலே நிலத்தடியிலிருந்த சுண்ணாம்புக்கல்லை வெட்டி, முருங்கனிலிருந்து வந்த களிமண்ணோடு சேர்த்துச் சூளையிலே சுட்டார்கள். ஆனையிறவு உப்பைப் பரந்தனிலே கரைத்து, மின்சாரத்தைச் செலுத்தி, எரிசோடாவும் குளோரினும் எடுத்தார்கள். வாழைச்சேனையிலே விவசாயி களத்திலிருந்து கொண்டுவந்த வைக்கோல் காகிதமாயிற்று. கல்லும் களிமண்ணும் உப்பும் வைக்கோலும் நம் மண்ணினவே. அவற்றைப் பண்டமாக்கிய கைகளும் நம்மவர் கைகளே.

1990 ஆம் ஆண்டிலே காங்கேசன்துறை ஆலை நின்றது. பரந்தன் ஆலையையும் போர் முடக்கிற்று. சுற்றியிருந்த ஊர்கள் வெறுமையாயின. பிற்காலத்திலே எஞ்சிய இரும்பு, பழைய இரும்பாகக் கழற்றப்பட்டு எடையிலே போயிற்று. இன்று எஞ்சி நிற்பனவற்றையே நம் அன்பர்கள் படம் பிடிக்கின்றார்கள். நன்று. ஆனால் அந்தச் சூளையின் முன்னே நின்றவர் எங்கே? வெப்பத்தைக் கண்ணாற் பார்த்தே சூளையின் நிலையை அறிந்த தொழிலாளி எங்கே? 1990 இல் இருபத்தைந்து வயதினராய் இருந்தவர் இன்று அறுபதை எட்டிவிட்டார். 1960 இல் இருபது வயதிலே வேலைக்குச் சேர்ந்தவர் எண்பதைக் கடந்துவிட்டார். இரும்பு இன்னும் சில காலம் நிற்கும். மனிதர் நில்லார். எதனை முதலிற் பதிவு செய்யவேண்டும் என்பதை நாம் விளக்கவும் வேண்டுமோ?

பிறர் செய்து காட்டியது

இது நடவாத காரியம் என்பார்க்கு ஜேர்மனியிலிருந்து ஓர் உதாரணம் காட்டுவோம். பேர்ண்ட் பெக்கர் என்பவர், தாம் பிறந்த பகுதியிலே மூடப்பட்டுவந்த இரும்புச் சுரங்கமொன்றைச் சித்திரமாக வரையத் தொடங்கினார். அவர் வரையும் வேகத்தை விட விரைவாக அது இடிக்கப்பட்டது. ஆகவே தூரிகையை வைத்துவிட்டுக் கமராவை எடுத்தார். 1959 முதல் அவரும் அவர் துணைவியார் ஹில்லாவும் சேர்ந்து உலைகள், சுரங்கக் கோபுரங்கள், தண்ணீர்த் தொட்டிகள், சூளைகள் என்று பல்லாண்டுக் காலம் படம் பிடித்தார்கள்.

அவர்கள் மாலை வெயிலைத் தேடவில்லை. மேகம் மூடிய நாளையே தேடினார்கள். நிழல் விழுந்தால் உறுப்பு மறைந்துவிடும் என்பதே காரணம். நேரே நின்று, முழுவதும் தெரிய எடுத்தார்கள். ஒரே வகையானவற்றை வரிசையாக வைத்து ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் இடமும் ஆண்டும் குறித்தார்கள். 1990 இல் வெனிஸ் நகரத்துக் கலைக் கண்காட்சி இவர்களுக்குப் பரிசளித்தபோது, அது சிற்பத்துக்கான பரிசாயிருந்தது! அழகைத் தேடாமல் உண்மையைத் தேடியவர்க்கு அழகும் தானாகவே வந்து சேர்ந்தது. அதே நாட்டிலே 1986 இல் மூடப்பட்ட ஃபோல்க்லிங்கன் இரும்பு ஆலை, 1994 இலே உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது.

நம் தீவிலும் உதாரணம் இல்லாமலில்லை. கண்டிக்கு அருகே ஹந்தானையிலே பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று அருங்காட்சியகமாக்கப்பட்டு, தோட்டங்களிற் கழிக்கப்பட்ட இயந்திரங்கள் அங்கே பேணப்படுகின்றன. மலையகத்திலே கைவிடப்பட்ட தொழிற்சாலைகளைப் படம் பிடிக்கும் அன்பர்களுக்கு இவ்விடத்திலே ஒரு வார்த்தை. தேயிலை உலர்த்தும் இயந்திரத்திலே பெல்பாஸ்ற் நகரத்துக் கம்பனியின் பெயர் வார்ப்பிரும்பிற் பொறிக்கப்பட்டிருக்கக் காண்பீர்கள். அதன் முன்னே வெக்கையிலே நின்று தலைமுறை தலைமுறையாகத் தேயிலையைக் காயவைத்த தமிழ்த் தொழிலாளியின் பெயர் எந்த இரும்பிலும் பொறிக்கப்படவில்லை. அதனை நீங்களல்லவோ எழுதவேண்டும்!

அழகு பார்க்கக் கூடாத துரு

இன்னொன்றையும் வேதனையோடு சொல்லவேண்டியிருக்கின்றது. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர், முள்ளிவாய்க்காலிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உழவு இயந்திரங்களும் லொறிகளும் மோட்டார்ச் சைக்கிள்களும் துவிச்சக்கர வண்டிகளும் குவியல் குவியலாகக் கிடந்தன. ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. அவற்றையும் படம் பிடித்தவர்கள் உளர்.

அந்த உழவு இயந்திரங்கள் பழசாகிக் கைவிடப்பட்டவையல்ல. பெட்டியிலே மூட்டை முடிச்சுகளையும் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் பெயர்ந்து, அதற்கப்பாற் போக இடமின்றி நின்றவை. அவற்றுக்கு உடையவர்கள் இருந்தார்கள். சிலர் இன்றும் இருக்கின்றார்கள். சிலர் அந்த மணலிலேயே முடிந்துபோனார்கள். அத்தகைய படத்தைப் பெயரும் இடமும் நாளும் இல்லாமல், ‘துருவின் வண்ணம்’ என்று கண்காட்சியிலே மாட்டுவது அழகுணர்ச்சியன்று, அறிவீனம். அதே படம் இன்ன இடம், இன்ன நாள், இன்ன பதிவிலக்கம் என்ற குறிப்போடு இருக்குமாயின் அது சாட்சியாகும். படம் ஒன்றே; குறிப்பு ஒன்றே அதன் தகுதியை நிர்ணயிக்கின்றது.

எதிர்ப்போருக்கு விடை

‘உழுபவனுக்கு விதைநெல் வாங்க வழியில்லை, உங்களுக்குத் துருப்பிடித்த இரும்பா பெரிது?’ என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வி. பழைய இயந்திரத்தை இரும்பு வியாபாரிக்கு விற்று அரிசி வாங்கும் விவசாயியை நாம் குறை கூறோம். அது அவன் பொருள், அவன் பசி. அவன் விற்பதற்கு முன்னர் அதனை ஒருமுறை படம் பிடித்து, அவன் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்று மட்டுமே கேட்கின்றோம். இதனால் அவனுக்கு ஒரு சதமும் நட்டமில்லை.

‘ஆலைகளைத் திரும்ப நடத்தவேண்டுமேயன்றி, படம் பிடித்து ஒப்பாரி வைப்பதாற் பயன் என்ன?’ என்பார் வேறு சிலர். ஆலைகள் வேண்டும் என்பதில் எமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் முன்பு என்ன இருந்தது, எப்படி நடந்தது, எங்கே பிழைத்தது என்பதை அறியாதவன் எதனை மீள அமைப்பான்? சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளால் அயலூர்க் கிணறுகளுக்கு நேர்ந்தது என்ன என்று பழைய தொழிலாளியிடமும் பழைய தோட்டக்காரனிடமும் கேட்டறியாமல் புதிய ஆலைக்கு அத்திவாரம் இடலாமோ?

செய்யவேண்டியவை

ஆகவே, இப்பொழுதுபோக்கில் ஈடுபட்ட அன்பர்களுக்குச் சில யோசனைகளைச் சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவதாக, உடையவரின் அனுமதியின்றி எவர் வளவுக்குள்ளும் புகாதீர்கள். அனுமதி கேட்கும் அந்தப் பேச்சே பல வேளைகளிற் கதையின் தொடக்கமாகும். வன்னியிலும் முகமாலைப் பக்கத்திலும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால், எத்துணை அரிய பொறி அப்பாலே தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். பாழ்கிணற்றையும், இரசாயனம் தேங்கியிருந்த தொட்டிகளையும் நெருங்காதீர்கள்.

இரண்டாவதாக, அழகான படம் ஒன்றை எடுத்த பின்னர், அழகற்ற படம் ஐந்தையும் எடுங்கள். நான்கு பக்கமும் தெரிய நான்கு. செய்தவர் பெயரும் இலக்கமும் பொறித்த தகட்டை அண்மையில் வைத்து ஒன்று. அளவு தெரிவதற்கு அருகிலே ஓர் ஆளையோ மண்வெட்டியையோ நிறுத்துங்கள். ஊரிலே ஒட்டிய ஒட்டு, கடைந்த உறுப்பு, கம்பியாற் கட்டிய கட்டு ஆகியவற்றை மறைக்காதீர்கள். இங்கிலாந்திலே செய்த பொறியை யாழ்ப்பாணத்துப் பட்டறைக்காரன் தன் பொறியாக்கிக்கொண்ட சுவடு அவையே.

மூன்றாவதாக, இயக்கியவரைத் தேடுங்கள். என்று வந்தது, என்ன விலை, எதனாலே ஓடியது, எதனாலே நின்றது என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். உறுப்புகளுக்கு அவர் வழங்கும் பெயர்களைத் திருத்தாதீர்கள். அவர் விரும்பினால் அவரையும் பொறியருகே நிறுத்திப் படம் பிடியுங்கள்.

நான்காவதாக, படத்தையும் குறிப்பையும் ஓரிடத்திலே மட்டும் வைக்காதீர்கள். ஓரிடத்திலே சேர்த்த செல்வம் ஓரிரவில் அழியும் என்பதை 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகத்திலே நாம் கண்டோம். ஒரு பிரதி வீட்டில், ஒன்று ஊர் வாசிகசாலையில், ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில், ஒன்று 2005 முதல் நம் ஆவணங்களை மின்வழியிற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்றதொரு சேகரிப்பில் என நான்கு இடங்களிலேனும் இருக்கட்டும்.

அரசாங்கத்துக்கும் மாகாண நிருவாகத்துக்கும் ஒரு சொல். பழங்காலத்துக் கல்லைக் காப்பதற்கு 1890 முதல் இந்நாட்டிலே தொல்பொருட் திணைக்களம் உண்டு. நேற்றைய இரும்பைக் காப்பார் யார்? பொது ஆலை எதன் எஞ்சிய பகுதியையும் இனிக் கழற்றி விற்குமுன், முழுமையான படப் பதிவும் பட்டியலும் எடுக்கப்படவேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு முக்கிய பொறியாவது அந்த மாவட்டத்திலேயே பொதுமக்கள் காணத்தக்க இடத்தில் வைக்கப்படவேண்டும். இதற்குப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. விற்றுவிடுவதற்கு முன் சிறிது பொறுமையே வேண்டும்.

மேலே சொன்ன இளம் பொறியியலாளர் அன்று கமராவைப் பையினுள் வைத்துவிட்டு, வரம்பிலே முதியவரின் பக்கத்தில் அமர்ந்து, இருட்டும்வரை எழுதிக்கொண்டிருந்தார். புறப்படும்போது முதியவர் சொன்னார்: “தம்பி, இன்னும் இரண்டு வீடு தள்ளி ஒரு மிசின் கிடக்குது. அதை ஓட்டின ஆளும் இருக்கிறார். ஆனால் அவருக்குச் சுகமில்லை, கெதியாய்ப் போம்.”

நம் அன்பர்கள் அனைவருக்கும் நாம் சொல்லவிருப்பதும் அதுவே. கெதியாய்ப் போங்கள்.